தண்ணீர் பாட்டில் நிறைஞ்சே திரும்பி வருது
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பள்ளிக்கூடமும் நம் பிள்ளைகளும்’. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. டீச்சர் கிடையாது, அதிகாரி கிடையாது. ஆனா எங்க ஊர் தொடக்கப்பள்ளியில காலை உணவு சமைக்கிற ரெண்டு பேர்ல நான் ஒருத்தி. என் சின்னவன் அங்கேயே நாலாவது படிக்கிறான். பெரியவ பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில எட்டாவது. அதனால பள்ளிக்கூடத்தை அடுப்படிப் பக்கமிருந்தும் பாக்குறேன், பெத்தவ பக்கமிருந்தும் பாக்குறேன். பார்த்ததை மட்டும் சொல்றேன். கடன், வட்டி, திருப்பம் பத்தி எனக்கு அப்புறம் பேசுறவங்க நல்லாவே சொல்லுவாங்க.

முதல்ல சாப்பாடு. நம்ம குழுப் பெண்கள் கைபட்ட விஷயம் என்பதால அதை முதல்ல சொல்லணும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில தொடங்கினாங்க. அப்ப 1,545 பள்ளிதான். அடுத்த வருஷம் ஆகஸ்டு 25-ல திருக்குவளையில தொடங்கி தமிழ்நாடு பூரா எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. எங்க ஊருக்கு அப்பதான் வந்தது. கிராமத்துல இருக்கிற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள்ல இருந்து. மதியச் சாப்பாட்டை 1956-லயே கொண்டு வந்தவர் அவர். மதியத்துக்கும் காலைக்கும் நடுவுல எத்தனை வருஷம் ஆகியிருக்கு பாருங்க.

முன்னாடி எங்க ஊர்ல பாதிப் பிள்ளைங்க ஒரு டம்ளர் டீயும் ரெண்டு வரிக்கியும் தின்னுட்டு வருவாங்க. சில வீட்ல பழையது. சில வீட்ல அதுவும் இல்ல. உடனே ‘அம்மாக்காரி சோம்பேறி’ன்னு பேசுற ஆளுங்க இருக்காங்க. மல்லாட்டை பிடுங்குற நாள்ல, நாத்து நடுற நாள்ல ஆறரை மணிக்கு வயல்ல நிக்கணும். அஞ்சு மணிக்கு எழுந்து தண்ணி பிடிச்சு, மாட்டைக் கட்டி, சோறு வடிச்சு வெச்சுட்டுத்தான் போறோம். ஆனா எட்டு வயசுப் பிள்ளை தானா போட்டுத் தின்னுட்டுப் போகுமா? பூனை தின்னிருக்கும், இல்லைன்னா மூடின சட்டி மூடினபடியே இருக்கும். வெள்ளென எழுந்து வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைதான் வெறும் வயித்தோட பள்ளிக்கூடம் போச்சு.

இப்ப நாங்க அஞ்சரை மணிக்கு அடுப்பு மூட்டுறோம். எட்டே காலுக்கு தட்டு வெச்சிடுவோம். கிச்சடி, பொங்கல், உப்புமா, சாம்பார். சாம்பார்ல எங்க ஊர்க் காய் ஏதாவது போடுவோம், கத்திரிக்கா, பூசணி, முள்ளங்கி. உப்புமான்னா முகத்தைச் சுளிக்கிறதுல நம்ம பிள்ளைங்களும் டவுன் பிள்ளைங்களும் ஒண்ணுதான்! 2025-ல திங்கக்கிழமை உப்புமாவை எடுத்துட்டு பொங்கல்னு மாத்தினாங்க, பிள்ளைங்க கை தட்டுச்சு. எங்க பள்ளிக்கூட டீச்சரம்மா சொன்னதை அப்படியே சொல்றேன். ‘முன்னெல்லாம் காலையில கணக்கு நடத்தினா பாதிப் பேரு சுவத்துல சாஞ்சிருப்பாங்க, இப்ப முதல் பாடமே கணக்கு வைக்கிறேன்’னாங்க. எனக்கு எந்தப் பட்டியலும் புள்ளி விவரமும் வேணாம், இது போதும்.

ஆனா ஒரு குறை இருக்கு. இந்தச் சாப்பாடு அஞ்சாவது வரைக்கும்தான். அஞ்சாவது முடிச்ச பிள்ளைக்கு ஜூன் மாசம் பிறந்ததும் வயிறு மாறிப் போயிடுமா? ஆறாவதுக்குப் போற பிள்ளை இன்னும் சீக்கிரம் கிளம்புது. எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஏழே முக்கால் டவுன் பஸ்தான், அதை விட்டா ஒம்பதரை. போன வருஷம் வரைக்கும் என் கையால பொங்கல் தின்ன பிள்ளை, இந்த வருஷம் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு எங்க அடுப்புப் புகையைப் பாத்துட்டு நிக்குது. கூப்பிட்டு ஒரு கரண்டி வைக்கவும் முடியாது, கணக்கு ஒருத்தருக்கு இத்தனை கிராம்னு வருது. எட்டாவது வரைக்குமாவது நீட்டணும்னு கூட்டமைப்பு சார்பா எழுதிக் கொடுக்கணும் என்பது என் கோரிக்கை.

இப்ப நான் பேச வந்த முக்கியமான விஷயத்துக்கு வரேன். சபையில பேசக் கூச்சப்படுற விஷயம். சார், நீங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க.

பெரியவளுக்கு தினமும் ஒரு லிட்டர் பாட்டில்ல காய்ச்சி ஆறின தண்ணி குடுத்து அனுப்புறேன். சாயங்காலம் பாட்டிலைக் கழுவ எடுத்தா கொடுத்தது கொடுத்தபடி இருக்கும். கேட்டா ‘தாகமே இல்லம்மா’ம்பா. சித்திரை வைகாசி வெயில் போயும் போகாத ஜூன் மாசத்துல தாகம் இல்லையாம். வீட்டுக்குள்ள வந்ததும் பையை வீசிட்டு கொல்லைப் பக்கம் ஓடுவா. ஒரு நாள் குளிரக் குளிரக் காய்ச்சல், அடிவயிறு வலி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த நர்ஸம்மா பரிசோதனைக்குச் சொல்லிட்டு அவளைப் பாத்துக் கேட்டாங்க, ‘பள்ளிக்கூடத்துல பாத்ரூம் போறியா?’ அவ தலையைக் குனிஞ்சுட்டா. சிறுநீர்த் தொற்று. தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வெச்சா கிருமி அங்கேயே தங்கி வளருமாம், பெண் பிள்ளைகளுக்கு சீக்கிரமே வருமாம். மாத்திரை குடுத்தாங்க, சரியாச்சு.

அந்த மாசக் குழுக் கூட்டத்துல சேமிப்பு வசூல் பண்ணி நோட்டுல கையெழுத்து ஆனதும் நான் இதைச் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க. ‘என் பொண்ணும் அப்படித்தாண்டி, நான் அவளுக்கு உடம்பு சூடுன்னு வெந்தயம் ஊற வெச்சுக் குடுத்துட்டு இருக்கேன்’னு ஒரு அக்கா. ‘மத்தியானம் சாம்பார் சாதம்னா தொண்டைக்கு மேல தண்ணி வேணும், அதனால சாப்பாட்டையே பாதிதான் தின்னுறா’ன்னு இன்னொருத்தங்க. அந்த மூணு நாள் வந்தா பள்ளிக்கூடமே போறதில்லைன்னு நாலு பேர் சொன்னாங்க. கணக்குப் போடுங்க. மாசம் மூணு நாள், பத்து மாசத்துக்கு முப்பது நாள் பாடம். அப்புறம் பரீட்சைத் தாளைப் பாத்து ‘உனக்குப் படிப்பு ஏறலை’ன்னு திட்டுறோம்.

நாங்க நாலு பேர் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனோம். சண்டைக்குப் போகலை, பாக்கத்தான் போனோம். பெண் பிள்ளைகளுக்கு நாலு கழிப்பறை. ரெண்டு பூட்டியிருந்துச்சு. மூணாவதுல தாழ்ப்பாள் இல்ல, ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளியே கதவைப் பிடிச்சுக்கணும். நாலாவது நல்லா இருந்துச்சு, ஆனா தண்ணி வரலை, மோட்டார் ஓடி ரெண்டு மாசம் ஆச்சாம். நூத்துக்கும் மேல பொண்ணுங்க, இடைவேளை பத்து நிமிஷம். ஒரு பொண்ணுக்கு அரை நிமிஷம்னாக்கூட எத்தனை பேர் போக முடியும்னு நீங்களே பாத்துக்குங்க. நாப்கின் எரிக்கிற மிஷின் ஒண்ணு சுவத்துல மாட்டியிருந்துச்சு, புத்தம் புதுசு. அதுக்குக் கரண்ட் இணைப்பு குடுக்கலை. மிஷின் வாங்கினது ஒரு கணக்கு, ஒயர் இழுக்கிறது வேறொரு கணக்காம்.

ஹெச்.எம். சார் எங்களை உட்கார வெச்சுப் பேசினார், நியாயமாத்தான் பேசினார். துப்புரவுக்கு வர்ற அம்மாவுக்கு ஊராட்சி மூலமா வர்ற சம்பளம் சொற்பம், அதுவும் மாசா மாசம் வர்றதில்ல, அந்த அம்மா வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வர்றாங்க. பூட்டினதுக்குக் காரணம் கேட்டோம். ராத்திரியில சுவர் ஏறிக் குதிச்சு குடிக்கிறாங்க, குழாயை உடைக்கிறாங்க, பாட்டிலைக் கோப்பைக்குள்ள போட்டு உடைச்சிட்டுப் போறாங்கன்னார். நாங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். குதிக்கிறவன் வெளிநாட்டுக்காரனா? நம்ம ஊருப் பசங்கதான், நம்ம வீட்டு ஆம்பிளைங்கதான். சர்க்காரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இதையும் சொல்லணும்.

எல்லாருக்கும் கல்வி உரிமைச் சட்டம்னு 2009-ல வந்த சட்டம் இருக்கு. ஆண் பிள்ளைக்குத் தனி, பெண் பிள்ளைக்குத் தனி கழிப்பறையும், பாதுகாப்பான குடிதண்ணியும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் இருக்கணும்னு அதுலயே எழுதியிருக்கு. அதே சட்டத்துலதான் பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு வெச்சாங்க. அதுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும். நம்ம மாநிலத்துல 2022-ல 20 பேர் வெச்சு புதுசா அமைச்சாங்க, 2024-ல மறுபடி அமைச்சப்போ 24 பேர். பல ஊர்ல இந்தக் குழு எப்படி நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். நோட்டு வீட்டுக்கு வரும், அடுப்படியில நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். சுயஉதவிக் குழுவில அப்படி நடந்தா விடுவோமா? தீர்மானத்தைப் படிக்காம கையெழுத்துப் போட்டா அடுத்த நாள் வங்கியில கடன் யார் தலையில விழும்னு நமக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டு போனோம், அவ்வளவுதான்.

எங்க குழுவில ரெண்டு பேர் ஏற்கெனவே அந்த மேலாண்மைக் குழுவுல உறுப்பினரா இருந்தாங்க. கூட்டத்துக்கு நேர்ல போய், எத்தனை கழிப்பறை, எது பூட்டியிருக்கு, எதுல என்ன இல்லைன்னு தீர்மான நோட்டுல எழுத வெச்சாங்க. ‘கழிப்பறை வசதி மேம்படுத்த வேண்டும்’னு பொதுவா எழுத வந்தாங்க, விடலை. மூணாவது கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லைன்னே எழுதுங்கன்னு சொன்னாங்க. தாழ்ப்பாளை எங்க குழு அக்கா வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில இருந்து கொண்டு வந்து ஒரு மணி நேரத்துல போட்டுட்டார். அறுபது ரூபா சாமான். அது இல்லாம எத்தனை மாசம் எத்தனை பிள்ளைங்க அடக்கி வெச்சிருக்காங்கன்னு நினைச்சா வயிறு எரியுது. மோட்டார் அவ்வளவு சீக்கிரம் நடக்கலை. ஊராட்சி மன்றத் தலைவரை நாலு தடவை பாத்தோம், அஞ்சாவது தடவைதான் ஆள் வந்தாங்க. பூட்டியிருந்த ரெண்டும் திறந்தாச்சு. ராத்திரி குதிக்கிறவங்க விஷயத்தை எங்க பாணியில பாத்துக்கிட்டோம், யார் யார்னு அவங்கவங்க வீட்டுப் பெண்களுக்கே சொல்லி அனுப்பினோம். முழுசா நிக்கலை, ஆனா குறைஞ்சிருக்கு.

இப்ப பள்ளிக்கூடங்கள்ல தண்ணி குடிக்கிறதுக்குன்னே மணி அடிக்கிறாங்க. கேரளாவில 2019-லயே சில பள்ளிகள்ல ஆரம்பிச்ச பழக்கம், 2025-ல நம்ம ஊருக்கும் வந்துச்சு. நல்ல விஷயந்தான். ஆனா மணி அடிச்சாக் குடிக்கிற பிள்ளைக்கு, குடிச்சதுக்கப்புறம் போறதுக்கு ஓர் இடம் வேணும். ‘புதுயுகம்’ திட்டத்துல பிள்ளைங்களுக்கு நாப்கின் இலவசமாத் தர்றாங்க, பல வருஷமாத் தர்றாங்க. மாத்துறதுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதவு இல்லைன்னா அந்தப் பாக்கெட் வீட்டு அலமாரியிலதான் இருக்கும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் ஆயிரம் ரூபா, புதுமைப் பெண் திட்டம். அந்த ஆயிரம் ரூபா வரைக்கும் பொண்ணு போய்ச் சேரணும்னா நடுவுல எட்டாவது ஒம்பதாவதுல நின்னுடாம இருக்கணும்.

படிப்பு விஷயம் ஒண்ணு சொல்லிடறேன். நம்ம குழுக்கள்லயே அடிக்கடி பேசுற பேச்சு, ‘ஃபெயில் போடாம எட்டாவது வரைக்கும் தள்ளி விடுறதாலதான் பிள்ளைங்க படிக்கறதில்ல’. எனக்கு இதுல முழு உடன்பாடு இல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாம ஆறாவதுக்கு வர்ற பிள்ளைங்க இருக்காங்க, அதை மறைக்க முடியாது. ஆனா என்கூட ஒம்பதாவது படிச்சதுல ஏழு பொண்ணுங்க ஃபெயிலாகி அங்கேயே உட்கார்ந்தாங்க. அதுல ஒருத்திகூட மறு வருஷம் பையைத் தூக்கலை. அடுத்த வைகாசிக்குள்ள நாலு பேருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ஆம்பிளைப் பிள்ளை ஃபெயிலானா டுட்டோரியல், பொம்பளைப் பிள்ளை ஃபெயிலானா மாப்பிள்ளை. 2019-ல அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத் தேர்வுன்னு அறிவிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? பத்து வயசுப் பிள்ளைக்குப் பொதுத் தேர்வு. 2020 பிப்ரவரியில வாபஸ் வாங்கினாங்க, நல்லதாப் போச்சு. அடுத்த மாசமே கொரோனா வந்து பள்ளிக்கூடம் பூட்டினது. சின்ன வகுப்புங்க 2021 நவம்பர்லதான் திறந்துச்சு. அந்த ஒண்ணரை வருஷம் போன் இருந்த பிள்ளை ஏதோ பாத்துச்சு, இல்லாத பிள்ளை ஆடு மேய்ச்சுது. நம்ம விழுப்புரம் மாவட்டத்துலதான், மரக்காணம் பக்கம், இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கினாங்க. நம்ம குழுப் பெண்கள் நிறையப் பேர் அதுல தன்னார்வலரா இருந்து சாயங்காலம் திண்ணையில சொல்லிக் குடுத்தாங்க. அவங்க இங்கேயும் இருக்கீங்க, உங்களுக்கு ஒரு கும்பிடு.

என் எண்ணம் இதுதான். பிள்ளைக்குப் படிக்க வரலைன்னு எட்டாவதுல கண்டுபிடிச்சு ஃபெயில் போடுறதுல என்ன லாபம்? மூணாவதுலயே கண்டுபிடிக்கணும். 2022-ல இருந்து எண்ணும் எழுத்தும்னு ஒண்ணு வந்திருக்கு. ஒரே வகுப்புல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு அவங்கவங்க நிலைக்குத் தக்க பிரிச்சு சொல்லித் தர்றாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா எங்க பள்ளிக்கூடத்துல முப்பத்தெட்டுப் பிள்ளைங்க. அறுபது பேருக்குள்ள இருந்தா சட்டப்படி ரெண்டு டீச்சர்தான். ரெண்டு டீச்சருக்கு அஞ்சு வகுப்பு. ஒருத்தங்க பயிற்சிக்குப் போனா மிச்சம் ஒருத்தங்க, அவங்க கையில எமிஸ்ல ஏத்தச் சொல்லி ஒரு போன். ஒரு ரூம்ல அஞ்சு வகுப்பை வெச்சுக்கிட்டு அரும்பு எது மலர் எதுன்னு அந்த டீச்சர் எப்படிப் பாப்பாங்க? பிள்ளைக் கணக்கை மட்டும் பாக்காம வகுப்புக் கணக்கையும் பாத்து டீச்சர் போடணும். நாமளும் ஒண்ணு பண்ணலாம். சாயங்காலம் பிள்ளையை ‘ஹோம்வொர்க் முடிச்சியா’ன்னு கேக்குறதோட விடாம, பாடப் புத்தகத்துல ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து நாலு வரி படிக்கச் சொல்லிக் கேளுங்க. நமக்குப் படிக்கத் தெரியலைன்னாலும், பிள்ளை தட்டுத் தடுமாறுதா இல்லையான்னு காதுக்குத் தெரியும்.

அடிக்கிறது பத்தி. ‘கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்’னு வாத்தியார்கிட்ட சொல்லி விட்டுட்டு வர்ற பழக்கம் நம்மகிட்ட இன்னும் போகலை. சட்டத்துல உடம்பால அடிக்கிறதும் மனசு நோகப் பேசுறதும் ரெண்டுமே கூடாதுன்னு இருக்கு. நாமளே அனுமதி குடுத்துட்டு வந்தா அந்தச் சட்டம் யாருக்கு? தழும்பு பத்து நாள்ல ஆறிடும். ‘உங்க ஜாதிக்கு இதுவே ஜாஸ்தி’, ‘உங்கப்பன் குடிகாரன்தானே’ன்னு வகுப்புக்கு முன்னாடி சொன்ன சொல்லு ஆறாது. அப்படிச் சொல்ற டீச்சர் ஆயிரத்துல ஒருத்தர்தான் இருப்பாங்க, ஆனா அந்த ஒருத்தர்கிட்ட மாட்டுறது நம்ம பிள்ளையா இருக்கும்.

சூளைக்கும், கரும்பு வெட்டுக்கும், பெங்களூரு கட்டட வேலைக்கும் குடும்பத்தோட போறவங்க எங்க பக்கம் அதிகம். தை மாசம் போனா ஆனி ஆடிக்குத்தான் திரும்புறாங்க. பிள்ளையை ஆயாகிட்ட விட்டுட்டுப் போனா அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நிக்காது. கூட்டிட்டுப் போனா நிக்குது. போறவங்க யாராவது உங்க குழுவுல இருந்தா, போற ஊர்ல பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பிள்ளையைச் சேர்த்துக்க மாட்டேன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல, டி.சி. வர லேட்டானாலும் சேர்த்துக்கணும், அதையும் சட்டமே சொல்லுதுன்னு சொல்லி அனுப்புங்க.

கடைசியா, முடியாம இருக்கிற வேலை. பெண் பிள்ளைகளுக்கு ஓரளவு ஆச்சு. ஆண் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி சவுக்குத் தோப்புக்குத்தான் போறாங்க. ஆம்பிளைப் பசங்கதானேன்னு யாரும் பேசுறதில்ல. போன மழைக்காலத்துல அங்க ஒரு பையன் காலுக்குப் பக்கத்துல கண்ணாடி விரியன் கிடந்துச்சு, அடிபடாம வந்தது அவன் நேரம். எரிக்கிற மிஷினுக்கு ஒயர் இன்னும் இழுக்கலை. துப்புரவு அம்மாவுக்கு நாலு மாசச் சம்பளம் பாக்கி. இந்த மூணையும் எழுதி அக்டோபர் 2 கிராம சபையில மனு குடுக்கப் போறோம். அந்தப் பள்ளிக்கூடத்துல அஞ்சு ஊராட்சிப் பிள்ளைங்க படிக்கிறாங்க. ஒரு ஊராட்சியில மட்டும் தீர்மானம் போட்டா ‘அது அவங்க ஊர் பிரச்சினை’ம்பாங்க. மத்த நாலு ஊராட்சிக் குழுப் பெண்களும் அன்னைக்கு உங்க உங்க கிராம சபையில இதே மனுவைக் குடுக்கணும், தீர்மான நோட்டுல ஏறினதைப் பாத்துட்டுத்தான் எழுந்திருக்கணும். மனுவை நகல் எடுத்து வெச்சிருக்கேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கும்போது என்கிட்ட வாங்கிக்குங்க. ஊராட்சிப் பேர் எழுத இடம் விட்டிருக்கு.